ரோவினாவின் கண்ணுக்குத் தப்பியது

வருஷா வருஷம் குளிர் தொடங்குவதற்கு முன்னால் எங்கள் லோன் பைன் ஊருக்கு ஒரு கூட்டம் வந்து இறங்கும். பழைய கௌபாய் படங்களில் வரும் பாறைகளைத் தேடிக்கொண்டு வருகிறவர்கள். பாறையைப் பார்த்துவிட்டுப் போனால் எனக்கு ஒன்றும் இல்லை. இவர்களுக்குப் படத்தில் இருக்கும் தப்புகள் என்றால் கொள்ளைப் பிரியம். ஆறு குண்டுத் துப்பாக்கியில் ஒன்பது முறை சுட்டானாம். செத்துக் கிடந்தவன் மூக்கைச் சொறிந்தானாம். ரயில் வராத காலத்துக் கதையில் தந்திக் கம்பம் தெரிகிறதாம். அந்தக் காலத்தில் படக் கம்பெனிகளுக்குக் குதிரை கொடுத்தவன் நான் என்று எவனோ சொல்லிவிடுகிறான். உடனே என் லாயத்தின் வேலியில் வந்து சாய்ந்துகொள்கிறார்கள்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பிறகு எவனாவது ஒருவன் மெல்ல ஆரம்பிப்பான். தப்பு கண்டுபிடிக்கிற வேலை பார்த்த அம்மா ஒருவர் இந்த ஊரிலேயே, தீவனக் கடைக்குப் பின்னால் இருக்கிறாராமே, அவரைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்பான். அங்கேதான் எனக்குக் கோபம் வரும். அந்த வீட்டுக் கதவைத் தட்டினால் காலை ஒடித்து அடுப்பில் வைப்பேன் என்று ஒருவனிடம் சொல்லியே இருக்கிறேன். கிழவன் ஓட்டிஸுக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

அவள் பெயர் ரோவினா பெக். வேலை கன்டினியூட்டி. படத்தை வரிசையாக எடுக்க மாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். கதாநாயகன் குதிரையிலிருந்து இறங்குவதை இங்கே பாறைக்காட்டில் எடுப்பார்கள், அவன் கால் தரையில் படுவதை ஒரு மாதம் கழித்து ஹாலிவுட்டில் கொட்டகைக்குள் எடுப்பார்கள். இரண்டையும் ஒட்டும்போது சட்டைப் பொத்தான், தாடியின் நீளம், வாயிலிருக்கும் சுருட்டு எல்லாம் பொருந்த வேண்டும். பொருந்துகிறதா என்று பார்க்கத்தான் ரோவினா. டைரக்டர் ‘கட்’ என்று கத்தியதும் ஒருவரும் அசைய மாட்டோம். டைரக்டர் அவள் பக்கம் திரும்பி, “பொருந்துதா?” என்று கேட்பார். அவள் ‘பொருந்துது’ என்றால்தான் குதிரைக்குத் தண்ணீர் காட்டலாம், மனுஷன் ஒன்றுக்குப் போகலாம். ‘பொருந்தலை’ என்றால் எல்லாம் முதலிலிருந்து.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். அவள் பார்க்கும் முறையே தனி. முதலில் கேமராச் சட்டத்தின் ஓரங்கள், பிறகு வானம், பிறகு தரை, கடைசியில்தான் ஆள். ஆளை எல்லாரும் பார்ப்பார்கள், அதற்கு நான் எதற்கு என்பாள். வாயும் லேசுப்பட்டதில்லை. பெரிய நடிகர் ஒருவர், என் பொத்தானை எவன் பார்க்கப் போகிறான் என்று சிடுசிடுத்தார். “டிக்கெட் வாங்குனவன் பாப்பான்” என்றாள். அவர் வாயை மூடிக்கொண்டு பொத்தானை மாட்டினார். ஊரிலும் அப்படித்தான். டெஸ்ஸியின் காபிக் கடையில் உட்கார்ந்தால், நேற்று ஆப்பிள் கேக்கை இந்தப் பக்கத்திலிருந்து அல்லவா வெட்டியிருந்தாய் என்று கேட்பாள். பாதிரியார் அவளைக் கண்டாலே தன் கோட்டை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்வார்.

அவள் புருஷன் ஹார்லன். டூப் போடுகிறவன். அதிலும் விழுகிற டூப். குதிரையோடு விழுவதுதான் அவன் பிழைப்பு. அவர்கள் கல்யாணக் கதையே அந்த லட்சணம்தான். ஒரு படத்தில் ஹார்லன் விழுந்தான், தொப்பி தலையிலேயே இருந்தது. தரையில் கிடக்க வேண்டிய தொப்பி ஏன் தலையில் இருக்கிறது என்று அவள் மறுபடி விழ வைத்தாள். இரண்டாம் முறை தொப்பி விழுந்தது, ஆனால் வேறு பக்கம். மூன்றாம் முறை விழுந்தவன் மண்ணைத் தட்டிக்கொண்டு நேரே அவளிடம் வந்தான். “ஏம்மா, உன்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாலாவது விடுவியா?” என்று கேட்டான். செட்டே சிரித்தது. அவள் சிரிக்காமல், யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசித்து, பண்ணியும் கொண்டாள். அதன் பிறகு அவன் விழும் நாளில் அவள் முகத்தில் ரத்தம் இருக்காது.

போர் முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. லோரிங் என்று ஒரு டைரக்டர் படம் எடுக்க வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தனக்குப் பிடிக்காத எதையும் காதில் வாங்காத மனுஷர், அவ்வளவுதான். கதையில் கதாநாயகனுக்கு இடது கையில் குண்டு பட்டிருக்கும். கையில் கட்டோடு பாறைகளுக்கு நடுவே குதிரையை விரட்டி வருவான். பின்னாலிருந்து சுடுவார்கள், குதிரை விழும், இவன் உருண்டு எழுந்து ஒரு பாறைக்குப் பின்னால் ஓடி ஒளிவான். மேட்டிலிருந்து ஒரே ஷாட்டில் எல்லாம் தெரிய வேண்டும் என்றார் லோரிங்.

விழும் இடத்தைத் தயார் செய்வது என் வேலை. தரையை ஆழமாகத் தோண்டி, கல்லைப் பொறுக்கிவிட்டு, மணலும் மரத்தூளும் கொட்டி மெத்தையாக்குவோம். மேலே சுற்றிலும் இருக்கிற அதே சரளைக்கல்லைத் தூவி மூடிவிடுவோம். கேமராவுக்குத் தெரியவே கூடாது. வருகிறவனுக்கு மட்டும் ஒரு சின்ன அடையாளம் வைப்போம். அதைப் பார்த்து, சரியான கணத்தில் கடிவாளத்தை ஒரு பக்கமாக இழுப்பான். மோலி என்ற என் பெட்டைக் குதிரை அந்தப் பக்கமாகவே சாய்ந்து படுக்கும். ஹார்லன் இழுத்தால்தான் விழும், வேறு எவன் இழுத்தாலும் திரும்பிப் பார்த்து முறைக்கும். மெத்தைக்கு முன்னாலும் பின்னாலும் பாறைத் தரை.

அன்று வெயில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது. நடுப்பகல் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் சூரியன் அதற்குப் பின்னால் போய்விடும், நிழல் பாறை பாறையாக ஏறி வரும். லோரிங் எல்லாரையும் விரட்டினார். ரோவினாவிடம், மேட்டில் கேமரா பக்கத்திலேயே இரு, கீழே இறங்காதே என்றார். அதனால் ஹார்லன் தன் கட்டைத் தானே கட்டிக்கொண்டான். கதாநாயகனை எதிரே நிற்க வைத்து அவரைப் பார்த்து அப்படியே கட்டினான். எதிரே நிற்கிறவனைப் பார்த்துக் கட்டினால் என்ன ஆகும்? கண்ணாடியில் பார்ப்பது மாதிரிதான். அவருக்கு இடது கையில் இருந்தது, இவனுக்கு வலது கைக்கு வந்துவிட்டது. அவசரத்தில் நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

விழுந்தான். அப்படி ஒரு விழுதலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மோலி புழுதியோடு சரிந்தது, இவன் அதன் கழுத்துக்கு மேல் போய் உருண்டான், எழுந்தான், தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடிப் பாறைக்குப் பின்னால் மறைந்தான். லோரிங் கட் சொன்னார். ரோவினாவைப் பார்த்து, “பொருந்துதா?” என்றார். அவள் கண் ஹார்லன் மறைந்த பாறையிலேயே இருந்தது. பிறகு “பொருந்துது” என்றாள். மேடே கைதட்டியது.

நான் தண்ணீரை எடுத்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் போனேன். ஹார்லன் மண்டியிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். உருளும்போது மோலியின் குளம்பு பொட்டில் உரசியிருக்கிறது. ரத்தம்கூட இல்லை, லேசாக வீங்கியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். “ஒரு ஓட்டிஸையே ஊரு தாங்காது. ரெண்டா நிக்கிற” என்றான். தண்ணீர்க் குவளையை நீட்டினேன். அவன் கை அதற்குப் பக்கத்தில் போய்க் காற்றைப் பிடித்தது.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஹார்லன் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தான். ரோவினா சமையலறையில் பீன்ஸைக் கிண்டிக்கொண்டே, சத்தமில்லாமல் என்னிடம் சொன்னாள். கட்டு வலது கையில் இருந்ததை அவள் பார்த்துவிட்டாளாம்.

“பாத்துட்டுப் பொருந்துதுன்னா சொன்னே?”

“பொருந்தலைன்னா அவனை மறுபடி ஏத்துவாங்க, ஓட்டிஸ். எந்திரிச்சு ஓடுறப்ப கால் பின்னிச்சு. அதையும் பாத்தேன்.”

பத்து வருஷமாக ஒரு பொத்தானை விட்டுக்கொடுக்காதவள். இந்தப் படத்தில் ஹார்லனுக்கு விழுகிற வேலை அதோடு முடிந்தது, இனி உட்கார்ந்து சவாரி செய்கிற ஷாட் இரண்டுதான், புழுதியில் எந்தக் கை என்று யாருக்குத் தெரியப் போகிறது என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. ஆனால் ஒரு ஆபத்து இருந்தது. எடுத்த பிலிம் பஸ்ஸில் லாஸ் ஏஞ்சலஸ் போய்க் கழுவி, திரும்பி வரும். ‘ரஷ்’ என்கிற அதை எங்கள் ஊர்த் தியேட்டரில் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த ரஷ் வந்து, லோரிங் கட்டைக் கவனித்தால் ரீடேக்தான். அது வரும்வரை அவள் பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்தபடியே இருந்தாள். பஸ் வரும் சத்தம் கேட்டால் பேச்சைப் பாதியில் விட்டுவிடுவாள்.

டாக்டரிடம் போகலாம் என்று அவளும் நானும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். ஹார்லன் மசியவில்லை. தலையில் அடிபட்ட டூப் என்று பெயர் வந்தால் எந்தக் கம்பெனியும் கூப்பிடாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது, அதுபோதும் என்றான். காபியை ஊற்றும்போது பார்த்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் ஊற்றினான். அப்படியும் பாதி மேஜையில் போயிற்று.

ஒரு காலையில் ரஷ் வந்தது. தியேட்டரில் உட்கார்ந்தோம். ரோவினா என் பக்கத்தில். அந்த ஷாட் வந்தபோது அவள் என் முழங்கையைப் பிடித்தாள், நகம் சட்டைக்குள் இறங்கியது. மோலி விழுந்தது, ஹார்லன் உருண்டான், எழுந்தான், ஓடினான். கட்டு வலது கையில் பளிச்சென்று இருந்தது. ஒரு ஆளும் கவனிக்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். கதாநாயகன் எழுந்து நின்று, தானே விழுந்த மாதிரி தலைகுனிந்து வணங்கினார். ரோவினா பிடியைத் தளர்த்தி மூச்சு விட்டாள்.

லோரிங் மட்டும் கைதட்டவில்லை. மறுபடி ஓட்டு என்றார். ஓட்டினார்கள். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், மேல் மூலையில் விரலை வைத்தார். மோலி விழுகிற அந்த நேரத்தில், பாறைகளுக்கு மேலே, மலைப் பாதையில் ஒரு வெள்ளை வண்டி போய்க்கொண்டிருந்தது. மலைமேல் கடைக்கு ரொட்டி கொண்டுபோகிற வண்டி. சாலையை மறிக்க நிறுத்தியிருந்த ஆள், ஹார்லன் விழுவதைப் பார்க்கிற ஆசையில் தன் இடத்தை விட்டு வந்துவிட்டிருக்கிறான். கௌபாய் காலத்து மலையில் மோட்டார் வண்டி, வெயில் பட்டு மின்னிக்கொண்டு நிதானமாகப் போனது.

ரோவினாவைத் திரும்பிப் பார்த்தேன். முதலில் ஓரம், கடைசியில் ஆள் என்று பார்க்கிறவள். அவள் உதடு வெளுத்திருந்தது.

“நான் அவனை மட்டுந்தான் பாத்தேன், ஓட்டிஸ்” என்றாள்.

நாளைக்கே மறுபடி எடுக்கிறோம் என்று லோரிங் அறிவித்தார். ரோவினா எழுந்து போய், அந்த வண்டி வேண்டாத இடத்தில் சின்னதாக இருக்கிறது, விழுகிறவனை விட்டுவிட்டு அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று வாதாடினாள். லோரிங் அவளை விநோதமாகப் பார்த்தார். “நீயா இதைச் சொல்றது?” என்றார். அப்போது அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். ஹார்லனுக்குத் தலையில் அடி, எல்லாம் இரண்டாகத் தெரிகிறது, அவன் ஏறக் கூடாது என்றாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்று ஆமாம் என்றேன்.

விழுகிறவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஷாட்டில் யார் விழுந்தானோ, ரீடேக்கிலும் அவன்தான் விழ வேண்டும். வேறு ஒருவனுக்குக் கொடுத்தால் முதலில் விழுந்தவன் கதை முடிந்தது என்று அர்த்தம். அதனால் லோரிங் ஹார்லனைக் கூப்பிட்டு எல்லாருக்கும் முன்னால் தியேட்டர் வாசலில் வைத்து, உன்னால் முடியுமா என்று கேட்டது அவனை அறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஹார்லன் எங்கள் இருவரையும் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. நல்லா இருக்கேன் என்றான். லோரிங் கையிலிருந்த ஆப்பிளை அவன் பக்கம் வீசினார். ஹார்லன் பிடித்துவிட்டான். பிடித்ததோடு நிற்காமல் ஒரு கடி கடித்தான்.

“ஒரு கண்ணை மூடிக்கிட்டுல்ல புடிச்சான்!” என்றேன்.

“வெயில்ல நிக்கிறவன் கண்ணைச் சுருக்காம வேற எதைச் சுருக்குவான்? போய்ச் சாணி அள்ளுய்யா” என்றான் ஹார்லன்.

எல்லாரும் சிரித்தார்கள். லோரிங்குக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சூரியனைப் பார்த்து, நாளை அதே நேரம் என்றார்.

அதே நேரம் என்றால் அதே நேரம்தான். நிழல் அன்று எந்தப் பாறையின் தோளைத் தொட்டதோ, அந்தத் தோளைத் தொடும்போதுதான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்ற ஷாட்களோடு பொருந்தாது. மறுநாள் எல்லாம் தயாராக இருந்தபோது மலைமேல் மேகம் கட்டிக்கொண்டது. அன்று மேகம் இல்லையே என்று ரோவினா சொன்னாள். அவள் குரலில் ஒரு சந்தோஷம். லோரிங் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்திவைத்தார். மழை வரட்டும், பனி கொட்டட்டும், கம்பெனி மூட்டை கட்டட்டும் என்று அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். அடுத்த நாள் விடிந்தபோது ஒரு பொட்டு மேகம் இல்லை. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. இவ்வளவு தெளிந்த வானத்தை நான் மனதாரத் திட்டியது அன்று ஒரு நாள்தான்.

மதியத்துக்கு மேல் ரோவினா கீழே இறங்கி வந்து ஹார்லனுக்குக் கட்டு கட்டினாள். இடது கையில். நான் மோலியின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். ஹார்லன் தன் கையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“அன்னைக்கு இந்தக் கையா?”

“இல்லை. மாத்திக் கட்டியிருந்தே.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“சொல்லலையே.”

“சொல்லலை.”

அவன் தன் நெற்றியை அவள் நெற்றியில் முட்டினான், குதிரைகள் முட்டுமே அப்படி. “பைத்தியக்காரி, உன் பேரு என்னத்துக்காகும்?” என்றான். ஏறாதே என்று அவள் கடைசியாக ஒரு முறை கேட்டாள். ஏறிவிட்டான். ஏறும்போது சேணத்தில் கால் வைக்கிற வளையத்தை ஒரு முறை தவறவிட்டு, மறுமுறைதான் மிதித்தான்.

சின்ன அடையாளம் இவனுக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். ஒரு நல்ல பெரிய புதரை வேரோடு பிடுங்கி வந்து மெத்தை தொடங்குகிற இடத்தில் நட்டேன். இரண்டாகத் தெரிந்தால்கூட, இரண்டும் பெரிதாகவாவது தெரியட்டும். மேட்டுக்கு ஏறி வந்து பார்த்தால் லோரிங் கேமராவுக்குள் கண்ணை வைத்திருந்தார்.

“அது என்ன செடி? ரோவினா, போன தடவை அது இருந்துதா?”

“இருந்துது” என்றாள் ரோவினா. கண் இமைக்கவில்லை. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பொய்யை யார் எதிர்பார்த்திருப்பார்கள்?

லோரிங் நிமிர்ந்தார். பக்கத்திலிருந்த போட்டோக்காரனிடம், முதல் டேக் அன்று அவன் எடுத்து வைத்த படத்தைக் கேட்டு வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். வெறும் தரை. திட்டக்கூட இல்லை. யாரங்கே, அந்தச் செடியைப் பிடுங்கு என்று கீழே கத்தினார். பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கிய குழிக்கு மேல் சரளையைத் தூவி, கையால் தடவிச் சமமாக்கினார்கள். நான் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். லோரிங் என்னை மேட்டிலேயே நிற்கச் சொன்னார், இன்னொரு வார்த்தை பேசினால் என் குதிரை ஒன்றும் வேண்டாம் என்றார். வேண்டாமென்றால் போங்கள், என் மோலியைக் கொடுங்கள் என்று கேட்டேன். ஹார்லன் அதற்குள் குதிரையைத் திருப்பிக்கொண்டு, தூரத்தில் தொடங்கும் இடத்துக்குப் போய்விட்டான்.

ரோவினா கேமரா பக்கத்தில் நின்றாள். முதலில் மலைப் பாதையைப் பார்த்தாள். காலியாக இருந்தது. வானத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். நிழல் பாறையின் தோளுக்கு வந்தது. லோரிங் கையைக் கீழே இறக்கினார்.

புழுதி முதலில் தெரிந்தது. பிறகு சத்தம். பிறகு அவர்கள். ஹார்லன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வந்தான். ஒரு கண்ணை மூடியிருக்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஒற்றைக் கண்ணுக்குப் பொருள் ஒன்றாகத் தெரியும், தூரம் தெரியாது. காபி ஊற்றும்போது பார்த்தேனே. இன்னும் வா, இன்னும் வா, இன்னும் என்று என் வாய் முணுமுணுத்தது. அவன் முன்னாலேயே கடிவாளத்தை இழுத்துவிட்டான். மெத்தைக்கு இந்தப் பக்கம், பாறைத் தரை. மோலி பாவம், இழுத்தால் விழ வேண்டும் என்றுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம், விழுந்தது. அந்தச் சத்தம் மேட்டுக்கு வந்தது.

மோலி காலை உதைத்து எழுந்தது. உடம்பை உதறிக்கொண்டு கடிவாளம் தரையில் இழுபட நின்றது. தொப்பி உருண்டு போய் அன்று விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவன் எழுந்து பாறைக்கு ஓட வேண்டும், அதற்காக எல்லாரும் காத்திருந்தோம். யாரும் அசையவில்லை. கட் சொல்லாமல் அசையக் கூடாது என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம். கடைசியில் லோரிங் கட் என்றார். சொன்ன வேகத்தில், எத்தனையோ வருஷப் பழக்கத்தில், தலை தானாக அவள் பக்கம் திரும்பிவிட்டது.

“பொருந்துதா?”

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் மாறிப்போனது. நான் கீழே ஓடத் தொடங்கிவிட்டேன், சரளையில் கால் வழுக்கியது. ஆனால் முதுகுக்குப் பின்னால் அவள் பதில் தெளிவாகக் கேட்டது. அழுகை இல்லை, நடுக்கம் இல்லை, தினமும் வேலையில் பேசுகிற அதே குரல்.

“பொருந்தலை. போன தடவை எந்திரிச்சான்.”

ஹார்லன் பிழைக்கவில்லை, அவன் எழுந்து ஓடுகிற ஷாட் இல்லாமல் கதை நகராது. அதனால் ரொட்டி வண்டி போனால் போகிறது என்று முதல் டேக்கையே படத்தில் வைத்துக்கொண்டார்கள். அந்த வண்டியையும் மாறிப்போன கட்டையும் என் வேலியில் சாய்கிறவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.